தனுஷ்கோடியில் பூட்டிக்கொண்ட பரீட்சை

மூன்று மணிக்குப் பல்கலைக்கழகக் குழு கூடுகிறது. அதற்குள், கைப்பேசி வழிப் படிப்பின் வெள்ளோட்டத்தில் சேர்ந்த எல்லா மாணவர்களும் அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே ஒரு பாடம் படித்து, ஒரு தேர்வு எழுதி முடிக்கவேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் திட்டத்துக்கு மூடுவிழா. ஞாயிறுதோறும் ராமநாதபுரம் வளாகத்துக்கு வந்தால்தான் பட்டம் என்று பழையபடி அறிவித்துவிடுவார்கள்.

திட்டத்தை வடிவமைத்தவர் சித்தி ஜுனைதா, மேலாண்மைத் துறைப் பேராசிரியை. காலையிலிருந்து அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. கடலாடி முடிந்தது. திருப்புல்லாணி முடிந்தது. கடலுக்குப் போன பையன்கள்கூடப் படகிலேயே பாடத்தைக் கேட்டு, கரையேறியதும் எழுதி அனுப்பிவிட்டார்கள். மென்பொருள் எழுதிய மாரிச்செல்வம் ஒவ்வொரு பச்சைக்கும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். மிச்சம் ஒரே பெயர், முருகலட்சுமி. தனுஷ்கோடியில் மீன் பொரித்து விற்கிறவள்.

அவள் பக்கத்துக் கடைக்காரரின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"மேடம், பரீட்சை பூட்டிக்கிருச்சு. இந்தியாவுக்கு வெளிய இருந்து எழுதக் கூடாதுங்குது."

"நீ எங்கன இருக்க?"

"கடையிலதான் மேடம். எண்ணெய் காயுது."

மாரிச்செல்வத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பாஸ்போர்ட் இல்லாமலே சிலோன் போயிருச்சு பாருங்க."

ஜுனைதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தனுஷ்கோடியில் சில போன்கள் நம் டவரை விட்டுவிட்டு இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். பூட்டோ அவரே போட்டது. முன்பு நடந்த ஓர் இணையத் தேர்வில், கீழக்கரையில் அவருடைய தெருப்பெண் ஒருத்தியின் தேர்வைத் துபாயில் இருந்த அவள் மாப்பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் மனைவியின் கணக்கு கணவன் போனிலும் திறந்தே இருக்கும். அதனால்தான் வெளிநாட்டு டவர் தெரிந்தால் தேர்வு மூடிக்கொள்ளட்டும் என்று விதி வைத்தார். வளைகுடாவை நினைத்தே விதி எழுதியவருக்கு, கூப்பிடு தூரத்தில் இன்னொரு நாடு இருப்பது மறந்துபோயிற்று.

மாரிச்செல்வம் ஒரு வழி சொன்னான். இங்கிருந்தே பூட்டைத் திறந்துவிடலாம், முருகலட்சுமி கொஞ்ச தூரம் ராமேஸ்வரம் பக்கமாக நடந்துபோய் நம் டவர் கிடைக்கும் இடத்தில் எழுதட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றான்.

"அடுத்த பரீட்சைக்கு? ஒவ்வொரு தடவையும் சட்டிய இறக்கி வச்சிட்டு நடப்பாளா? அவ கடைய விட்டு வர முடியலன்னுதானே இதச் செய்றோம்."

"அப்ப பூட்டையே எடுக்கணும் மேடம். மூக்கையா சார் விடமாட்டாரு."

மூக்கையா தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி. அந்தப் பூட்டை நம்பித்தான் வெள்ளோட்டத்துக்கே சம்மதித்திருந்தார்.

ஜுனைதா அறைக்குள் நடந்தார். பாடம் சிக்னல் இல்லாமல் ஓடுகிறது. தேர்வு மட்டும் ஏன் டவரைத் தேடவேண்டும்? முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிட்டால், எந்த நாடு என்று போன் கேட்கவே கேட்காது. ஆள் யார் என்பதற்கு, கடைசிக் கேள்விக்கு மட்டும் மாணவர் தன் குரலில் பதில் சொல்லட்டும். துபாய் மாப்பிள்ளை எழுதித் தரலாம், பொண்டாட்டி குரலில் பேச முடியாதே.

அவர் சொல்லச் சொல்ல மாரிச்செல்வத்தின் விரல்கள் பறந்தன. சந்தேகம் கேட்பதற்கென்று குரல் பதிவை அவன் ஏற்கெனவே செய்து வைத்திருந்தான். அதைத் தேர்வோடு இணைப்பதுதான் பாக்கி.

"வேகமாத் தட்டுலே மாரி, ஆளுக வர ஆரம்பிச்சிட்டாக."

முருகலட்சுமி பக்கத்துக் கடையின் நெட்டை வாங்கித் தேர்வை இறக்கிக்கொண்டாள். அதற்குள் குழு வந்து உட்கார்ந்துவிட்டது. மூக்கையா திரையைப் பார்த்ததும் பூட்டு எங்கே என்றார். எடுத்துவிட்டேன் என்று ஜுனைதா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். விதி தன்னுடையது, தவறும் தன்னுடையது என்றார். மூக்கையாவின் முகம் இறுகியது. யார் எழுதினாலும் பட்டம் கொடுப்பதற்கு இது என்ன கல்யாண வீட்டுப் பந்தியா என்று கேட்டார்.

அப்போது முருகலட்சுமி பெயர் பச்சையாயிற்று.

"இந்தக் குரலக் கேட்டுட்டு முடிவு சொல்லுங்க சார்," என்றார் ஜுனைதா.

வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்பது கேள்வி. காற்று இரைந்தது. அதற்கு மேலாக முருகலட்சுமி பேசினாள்.

"வாடிக்கையாளர் கேக்குறதக் காது குடுத்துக் கேக்கணும். அவுகளக் காக்க வைக்கக் கூடாது..."

இடையில் ஓர் ஆண் குரல், பாறை மீன் இருக்கா என்றது.

"செத்த பொறுங்கண்ணே, பரீட்சை எழுதிக்கிருக்கேன்ல. எங்க விட்டேன்... ஆங், காக்க வைக்கக் கூடாது."

அறை முழுக்கச் சிரித்தது. மூக்கையா இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாம் முறை அவருக்கும் தோள் குலுங்கியது.

"இத எந்த மாப்பிள்ளையும் துபாய்ல உக்காந்து பேச முடியாது," என்றார். "பூட்டு வேண்டாம். எல்லாத் துறைக்கும் இந்தக் குரலையே வைங்க. இந்தப் பருவத்துலயே ஆரம்பிங்க."

ஜுனைதா வெளியே ஓடிவந்து பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். சுற்றுலா வேன் வந்திருக்கிறது, அந்தப் பிள்ளைக்குக் கை ஒழியவில்லை, பாஸா ஃபெயிலா என்று மட்டும் கேட்கச் சொல்கிறது என்றார் அவர்.

"மார்க்கு இன்னும் போடல. படிப்பு பாஸாயிருச்சுன்னு சொல்லுங்கண்ணே. திங்கக்கிழமை வகுப்பு, அவ கடையிலயே."