பதினாலு பேர்

கருத்துக்கணிப்பு ஆபீசில் அவளுக்கு ஒட்டுப்பசை என்று பெயர். கருத்துக் கேட்கப் போனால் பதில் வாங்காமல் வாசலை விட்டு நகர மாட்டாள். பதினாறு வருஷமாகப் பற்பசை, சோப்பு, தேர்தல் என்று எதையெல்லாமோ கேட்டுத் தீர்த்தவளுக்கு, இந்த முறை கொடுத்த கேள்விப் பாரத்தை இரண்டு தடவை படிக்கவேண்டியிருந்தது. தீராத நோயில் இருப்பவர் தானே விரும்பிக் கேட்டால், டாக்டர் அவர் உயிரை முடித்துவைக்கச் சட்டம் அனுமதிக்கலாமா? சட்டம் வகுக்கும் குழுவுக்கு மக்கள் மனசு தெரியவேண்டுமாம். அவள் பங்குக்கு, நோயாளி இருக்கும் நாற்பது வீடுகள்.

ஏழாவது வீட்டில் தையல்காரர் ஒருவர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். மகனும் மருமகளும் கால்மாட்டில் நின்றார்கள். அவள் கேள்வியை முடிக்கும் முன்பே, தாராளமாக அனுமதிக்கலாம், எல்லாருக்கும் பாரமாக எதற்கு இருப்பது என்று சொல்லிவிட்டார். அவளும் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டாள். மகனுக்கு போன் வந்தது, வெளியே போனான். மருமகள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். தையல்காரர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த டிக்கை அழிச்சிடும்மா. எனக்கு இன்னும் இருக்கணும். இவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு அதைச் சொல்ல வாய் வரல."

மறுநாள், எலும்புப் புற்றுநோயில் படுத்திருந்த ஒரு கணக்கு டீச்சர், மகள் கையைப் பிடித்தபடியே கூடவே கூடாது என்றார். ஒட்டுப்பசை இந்த முறை உஷாராக இருந்தாள். மகளை நயமாகப் பேசி வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அதே கேள்வியை மறுபடி கேட்டாள். டீச்சர் சிரித்துவிட்டார். "வேணும்மா. முடிவு என் கையில இருந்தா நிம்மதியாத் தூங்குவேன். இவ அழுவாளேன்னுதான் மாத்திச் சொன்னேன்."

மீதி வீடுகளைப் பாரத்தில் உள்ளபடியே முடித்துவிட்டு, அவள் நேரே மேலாளரிடம் போனாள். நோயாளிகளைத் தனியாகக் கேட்டால் ஒழிய இந்தக் கணக்கெடுப்பே பொய் என்றாள். பாரத்தில் உள்ளதைக் கேட்டால் போதும், ஊரைத் திருத்துவது நம் வேலையில்லை என்று அவர் கையை விரித்தார். அவள் வாதாடவில்லை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, நாற்பது வீட்டுக்கும் மறுபடி நடந்தாள். ஒரு வீட்டில் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் மச்சினர் கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாம் தடவை போனபோது திறந்தார்.

கடைசியில் பதினாலு பேர் பதிலை மாற்றியிருந்தார்கள். ஆம் என்றவர்களில் எட்டுப் பேர் இல்லை என்றார்கள். இல்லை என்றவர்களில் ஆறு பேர் ஆம் என்றார்கள்.

அந்தக் கணக்கை மேஜையில் வைத்துவிட்டு அவள் நகராமல் நிற்கவே, குழுவின் கூட்டத்துக்கு மேலாளர் வேண்டாவெறுப்பாக அவளையும் அழைத்துப் போனார். கூட்டிக் கழித்தால் ரெண்டே ரெண்டு ஓட்டுதான் வித்தியாசம், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"ரெண்டு ஓட்டு இல்ல சார், பதினாலு பேர். எட்டுப் பேர் சாக விரும்பாம சரின்னாங்க. ஆறு பேர் விரும்பியும் வாயைத் திறக்கல. வீட்டுக்காரங்க முன்னாடி கேட்டா, வீட்டுக்காரங்களுக்குப் பிடிச்ச பதில்தான் வரும். நாளைக்குச் சட்டமும் அப்படியே கேட்டா என்ன ஆகும்?"

தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பழைய பாரங்கள் அத்தனையும் செல்லாது, மொத்தக் கணக்கெடுப்பும் புதிதாக, தனியறையில் நடக்கவேண்டும் என்றார். சட்டம் எந்தப் பக்கம் முடிவானாலும், நோயாளியை முதலில் தனியாகக் கேட்கவேண்டும் என்பது அதன் முதல் விதியாக இருக்கும் என்று அங்கேயே எழுதவைத்தார். குறுக்கே பேசிய உறுப்பினர்தான் முதலில் கைதட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, ஆபீஸ் மாடியில் முந்நூறு கணக்கெடுப்பாளர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேலாளரே மைக்கைச் சரிசெய்து அவள் உயரத்துக்கு இறக்கி வைத்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒருவரை மனம் நோகாமல் அறையை விட்டு அனுப்புவது எப்படி என்று ஆரம்பித்தாள். மாடியே சிரித்தது. அவளும் சிரித்தாள்.