மொட்டு சோப்பு

சோப்புக் கட்டி இறுகிவிட்டதா என்று பார்க்க, அவள் விரல் நுனியால் ஓரத்தை அழுத்தினாள். பள்ளம் விழவில்லை. விரல் ரேகை மட்டும் லேசாகப் பதிந்தது. இதுதான் பதம். ஒரு மணி நேரம் முந்தினால் சோப்பு முத்திரைக் கட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு மணி நேரம் பிந்தினால் விரிசல் விடும். அதனால் முத்திரை குத்தும் நாளில் யார் கூப்பிட்டாலும் அவள் எழுந்திருக்க மாட்டாள்.

மரப்பெட்டியைக் கவிழ்த்துக் கட்டியை வெளியே எடுத்தாள். இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியால் துண்டு போட்டாள். ஒவ்வொரு துண்டாக முன்னால் வைத்து, கட்டையை மேலே வைத்து, உள்ளங்கையால் ஒரே அழுத்து. 'மொட்டு' என்று பதியும். கடைசி எழுத்தின் வளைவுக்குள் மட்டும் எப்போதும் கொஞ்சம் சோப்பு சிக்கிக்கொள்ளும். அதை ஊக்கு முனையால் நோண்டி எடுப்பாள். மொட்டு என்பது அவள் மகளை வீட்டில் கூப்பிடும் பேர்.

கதவோரம் உட்கார்ந்து அவள் புருஷன் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருஷம் வேன் ஓட்டியவன். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததும், கம்பெனி வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டது.

"ஸ்டியரிங் பிடிச்ச கை. ஓரம் எவ்வளவு நேரா வருது பாரு."

"கோணலாத்தான் வருது."

"ரோடே கோணல்தானேடி" என்றான். அடுத்த அட்டையை எடுத்தான்.

சோப்பு தொடங்கியது மகளால். ஏழு வயதில் அவளுக்கு முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் தோல் தடித்து அரித்தது. எந்தக் கடைச் சோப்பைப் போட்டாலும் ரத்தம் வரச் சொறிந்தாள். அம்மாக்காரி எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கி வந்து, மூன்று முறை கெடுத்து, நாலாவது முறை சரியாகச் செய்தாள். செய்த சோப்பை உடனே தேய்க்கக் கூடாது. நாலு வாரம் காற்றாட வைத்தால்தான் உள்ளே இருக்கும் காரம் அடங்கும். நாலு வாரம் பொறுத்து மகளைக் குளிப்பாட்டினாள். அரிப்பு குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு கேட்டாள். பிறகு அவளுடைய நாத்தனார் கேட்டாள்.

"இதை வியாபாரமாவே பண்ணலாமேக்கா" என்றது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் தம்பி. விளம்பரக் கம்பெனியில் இருந்தவன், ஆள் குறைப்பில் வெளியே வந்தவன். லேபிளை அவனே வரைந்தான். பேருக்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். மாடிப்படியில் ஏறும்போது அவள் மகளைக் கூப்பிட்டது காதில் விழ, அப்படியே திரும்பி இறங்கி வந்து, "இதான்க்கா பேரு" என்றான்.

லேபிள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். 'ஆர்டருக்கு' என்று போட்டு, பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

"அக்கா, உங்க நம்பர் சொல்லுங்க."

புருஷன் குறுக்கே வந்தான். "பொம்பளை நம்பரை அச்சடிச்சு ஊர் பூரா குடுக்கறதா? கண்டவனும் கூப்பிடுவான். வேணாம்."

"அப்ப உங்க நம்பர் போடுவோம்ணே."

"என்னோடது பட்டன் போனு. அதுவுமில்லாம, 'ஏறுங்க, எறங்குங்க' தவிர வேற எதுவும் எனக்குப் பேச வராது. சோப்பு வாங்குங்கன்னு நான் எங்கேர்ந்து பேசறது? உன் நம்பரையே போட்டுக்க."

"என் நம்பரா?" தம்பி அவளைப் பார்த்தான்.

அவள் அடுப்பில் சூடேறும் எண்ணெய் மேல் கண்ணாக இருந்தாள். "போட்டுக்கப்பா" என்றாள்.

வீடியோ எடுக்கும் நாளில் அவள் வழக்கம்போலக் கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். காஸ்டிக் கரைத்த தண்ணீர் பட்டால் சதையைத் தின்றுவிடும்.

"கிளவுஸைக் கழட்டிடுங்கக்கா. கையால செஞ்சதுன்னு சொல்றோம். கை தெரிய வேணாமா?"

"பொத்துப் போயிரும்ப்பா."

"ரெண்டே நிமிஷம்."

கழற்றினாள். எண்ணெயில் காஸ்டிக் தண்ணீரை ஊற்றிக் கிண்டிக்கொண்டே, அவன் சொல்லிக் கொடுத்தபடி சொன்னாள். "இது என் வீட்டு அடுப்படியில, என் கையால செஞ்சது. என் பொண்ணுக்காக ஆரம்பிச்சது." மூன்றாவது தடவை சொல்லும்போது மணிக்கட்டில் தெறித்தது. முகத்தைச் சுளிக்காமல் முடித்துவிட்டுத்தான் குழாயைத் திறந்தாள். மகளின் முழங்கை மடிப்பையும் தம்பி படம் பிடித்துக்கொண்டான். மகள் கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். ஆர்டரெல்லாம் தம்பியின் போனுக்கு வந்தது. அவன் கீழே வந்து சொல்ல, அவள் எடுத்துக் கொடுக்க, புருஷன் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்சல் ஆபீசில் போட்டுவிட்டு வந்தான்.

"நாலு வாரமெல்லாம் யாருக்கா காத்திருப்பாங்க? ரெண்டு வாரத்துல குடுங்க."

"குழந்தைங்க தேய்க்கிறது. முடியாது."

"அப்ப டபுளா செய்ங்க."

"எங்க வெச்சு ஆத்தறது? இப்பவே சோப்பு கட்டில் மேல படுக்குது, நாங்க கீழ படுக்குறோம்."

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

முத்திரை குத்திய நூற்றி நாற்பது சோப்பையும் அலமாரித் தட்டில் வரிசையாக அடுக்கி, இடையில் காற்றுப் போக இடம் விட்டாள். அந்த வாரத்தில் ஒரு நாள் புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்தான்.

"இன்னிக்கு நாலு நடை."

"நாலா? நான் ஒரு பெட்டிதானே குடுத்தேன்?"

"தம்பி மேலேர்ந்து குடுத்தான். எல்லாம் உன் சோப்புதான்னு நெனச்சேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி. மேலே இருந்த பெட்டியிலிருந்து ஒரு சோப்பை எடுத்தாள். அதே மொட்டு. வளைவுக்குள் எதுவும் சிக்காமல், ஊக்கு வேலையே இல்லாமல், சுத்தமாக இருந்தது. மூக்கருகில் கொண்டு போனாள். சென்ட் மட்டும் அடித்தது.

"ஃபேக்டரியில போட்டுத் தராங்கக்கா" என்றான் தம்பி. "ரெண்டு நாள்ல கையில வந்துருது. கேக்கிறவங்களுக்கு இல்லன்னு சொன்னா வேற சோப்புக்குப் போயிருவாங்க. நானும் எவ்வளவு நாள் இல்ல, இல்லன்னு சொல்றது?"

"இதுல என் பொண்ணு பேரு இருக்கு."

"அந்தப் பேரைப் பதிவு பண்ணியாச்சேக்கா. லேபிள்ல யாரு நம்பரோ அவங்க பேர்ல பண்ணிட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணேன்."

அவள் இறங்கி வந்தாள். புருஷன் மடித்த பெட்டியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏதோ ஃபாரம் நெரப்பணும்னு சொன்னான்" என்றான். "சரின்னேன்."

"என்ன ஃபாரம்னு கேட்டியா?"

"நம்ம நல்லதுக்குத்தான்னு சொன்னான்."

நாலு வாரம் ஆனதும் அவள் சோப்பைத் தாளில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போனாள். மூன்றாவது கடையில் ஆள் நல்ல மாதிரி. வாங்கிப் பார்த்தார். தாளைப் பிரித்தார். திருப்பினார்.

"லேபிள் எங்கம்மா?"

"இது வீட்ல செய்றதுங்க. சோப்பு மேலயே பேர் குத்தியிருக்கு பாருங்க."

அவர் ஷெல்ஃபிலிருந்து ஒரு மொட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவளுடையது கொஞ்சம் கோணலாக, நிறம் மங்கலாக இருந்தது. "அச்சு சரியா விழல பாருங்க. டூப்ளிகேட் எல்லாம் எடுக்கிறதில்லம்மா. இந்தப் பேர்ல வேற யாராவது கொண்டு வந்தா போன் பண்ணச் சொல்லியிருக்காங்க. நான் பண்ணல, எடுத்துட்டுப் போயிருங்க."

அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உங்க முகம் எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து ஒரு சோப்பை எடுத்துக் கத்தியால் பேரைச் சீவிப் பார்த்தாள். நடுவில் குழி விழுந்தது, எலி கடித்தது மாதிரி. மேற்கொண்டு சீவவில்லை. சீவிய தூளைக் கூட்டி ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். மகள் வந்து குழி விழுந்த சோப்பைக் கையில் எடுத்தாள்.

"இதை யாரும்மா கடிச்சது?"

"வெச்சுட்டுப் போய்ப் படி."

மறுநாள் மாடித் தம்பி கீழே வந்தான். உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, மாசத்துக்கு ரெண்டு வீடியோ மட்டும் குடுங்க. உங்களத்தான் எல்லாரும் கேக்குறாங்க. சும்மா இல்ல, அதுக்குத் தனியா குடுத்துடறேன். அண்ணன் பார்சல் வேலையும் அப்படியே இருக்கட்டும். அதுல எந்த மாத்தமும் இல்ல."

'அப்படியே இருக்கட்டும்' என்ற இடத்தில் புருஷன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு கையில் இருந்த அட்டையைப் பார்த்தான்.

"எப்ப எடுக்கணும்?" என்றாள் அவள்.

மதியம் மூன்று மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் அடுப்பு மேடையில் விழுந்தது. தம்பி அட்டைப்பெட்டியைப் பிரித்து ஃபேக்டரி சோப்புகளை அலமாரித் தட்டில் அடுக்கினான். இடையில் காற்றுப் போக அவள் இடம் விடுவதைப் பார்த்திருந்ததால் அதே மாதிரி இடம் விட்டே அடுக்கினான். அங்கே இருந்த அவளுடைய நூற்றி நாற்பதும் சாக்கு மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் போயிருந்தன. வீட்டுக்குக் குளிக்க இரண்டு வருஷத்துக்கு வரும்.

"எண்ணெயெல்லாம் வீணாக்க வேணாம்க்கா" என்று சொல்லி, கொண்டு வந்த மாவைப் பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டான். போனை ஸ்டாண்டில் மாட்டிக் குனிந்து பார்த்தான். பார்க்க சோப்புக் கலவை மாதிரியே இருந்தது.

அவள் கரண்டியை எடுத்தாள்.

"அக்கா, கிளவுஸ் போட்டுக்கங்க."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். "மாவுத் தண்ணிதானேப்பா."

"சுத்தமா செய்றாங்களான்னு கமெண்ட்ல கேட்டுட்டே இருக்காங்க. அந்த மணிக்கட்டுத் தழும்பும் தெரியாம இருக்கும்."

ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்தாள். ரப்பர் விறைத்துப் போயிருந்தது. ஒவ்வொரு விரலாக நுழைத்து, மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விட்டாள். புருஷன் தள்ளுவண்டியோடு வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. அது அடங்கும் வரைக்கும் தம்பி காத்திருந்தான்.

"சொல்லுங்கக்கா."

"இது என் வீட்டு அடுப்படியில, என் கையால செஞ்சது."

"நல்லா இருக்கு. இன்னொரு தடவை. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

மாவு அடியில் தங்கிவிட்டிருந்தது. அவள் கரண்டியை ஆழமாக விட்டு, அடியிலிருந்து கிளப்பி, முதலிலிருந்து கிண்ட ஆரம்பித்தாள்.