வெள்ளிக்கிழமை போன மனு

என் மேசையில் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று ஒரு பலகை இருக்கும். பலகையை வாங்கி வைத்தது நானேதான். வக்கீலம்மாவின் அலுவலகத்தில் ஜெராக்ஸ் மிஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவே எனக்கு இடம். என் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தவள். மலை மொழியும் இங்கிலீஷும் சேர்ந்தாற்போல் தெரிந்தவன் இந்த நகரத்தில் நான் ஒருத்தன்தான். அதனால் என்னைத் துரத்தவும் வழியில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரியக்கா வந்தாள். மலையில் எல்லோருக்குமே அவள் பெரியக்காதான். மடித்து மடித்துக் கிழிந்துபோன நோட்டீஸை நீட்டினாள். சுரங்கத்துக்காக நாற்பத்து மூன்று வீடுகளை வரும் திங்கட்கிழமை காலி செய்ய வேண்டுமாம்.

வெளியூர் கோர்ட்டில் இருந்த வக்கீலம்மா போனில் சொன்னார்: “சர்வதேசக் குழுவுக்கு அவசர மனு போடுங்க. ஆதிகுடிகளைப் பலவந்தமா கிளப்பினா தடுக்கிறதுக்குன்னே இருக்கிற குழு அது. மனு கிடைச்சு ரெண்டு வேலை நாள்ல தடை உத்தரவு குடுத்துடுவாங்க. அவங்க தடை போட்டா இங்க இருக்கறவங்க தொடமாட்டாங்க, மானப் பிரச்சினை. யாரு, எங்க, என்னைக்கு, அவ்வளவுதான். புதன்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க.”

பெரியக்கா பேசினாள், நான் குறித்துக்கொண்டேன். பத்தே நிமிஷம்.

“போதுமா தம்பி?”

“போதும்க்கா. மீதியை நான் பாத்துக்கறேன்.”

அந்த மீதியில்தான் வினை. உலகமே படிக்கப்போகும் மனு. பதினாறு வருஷமாக ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்த்துத் தேய்ந்தவனுக்கு முதல் முறையாகக் கை அரித்தது. புதன்கிழமை முதல் வரியை ஏழு தடவை மாற்றினேன். வியாழக்கிழமை வக்கீலம்மா கேட்டதற்கு, “கடைசி வாசிப்பு மேடம்” என்றேன்.

வீட்டில் மனைவி எட்டிப் பார்த்தாள். “இன்னுமா அனுப்பல? மனு எழுதறீங்களா, பொண்ணுக்கு அலங்காரம் பண்றீங்களா?”

“உனக்கென்ன தெரியும் எழுத்தைப் பத்தி?”

“எழுத்தைப் பத்தி தெரியாதுங்க. கிழமையைப் பத்தி தெரியும்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினோரு பக்கம் அனுப்பினேன். சனி, ஞாயிறு அங்கே விடுமுறை. திங்கட்கிழமை காலை அவர்கள் மனுவைத் திறந்தபோது, இங்கே புல்டோசர் ஏழாவது வீட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது: ‘இன்று முதல், இறுதி முடிவு வரும்வரை, ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது.’

அரசாங்கம் உடனே பணிந்தது. அன்று முதல் ஒருவரையும் அப்புறப்படுத்தவில்லை என்று பதில் எழுதியது. உண்மைதானே, அப்புறப்படுத்த யார் மிச்சம்?

நெட்வொர்க் கிடைக்கவில்லை என்று வக்கீலம்மாவிடம் புளுகினேன். குழு தாமதித்துவிட்டது என்று மற்றவர்களிடம். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எட்டு மாதம் கழித்து, குழுவின் ஆண்டறிக்கை மொழிபெயர்ப்புக்கு என் மேசைக்கே வந்தது. எங்கள் வழக்கு ‘முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்ட உத்தரவுகள்’ என்ற தலைப்பின் கீழே இருந்தது. மனுவிலிருந்து ஒரு வரியை எடுத்துச் சாய்வெழுத்தில் போட்டிருந்தார்கள். என் வரி. வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே பெரியக்கா மறுபடி வந்தாள். இளைத்திருந்தாள். அவர்களைக் கொண்டுபோய் வைத்த தகரக் கொட்டகைகள் லாரிப் பாதைக்கு இடைஞ்சலாம், வியாழக்கிழமைக்குள் அங்கிருந்தும் கிளம்ப வேண்டுமாம்.

உட்கார்ந்தவள் நேராகக் கேட்டாள்.

“போன தடவை நம்ம காகிதம் என்னைக்குப் போச்சு?”

புளுகு நாக்கு வரைக்கும் வந்தது. அம்மாவின் மொழியில் அது வெளியே வர மறுத்தது.

“வெள்ளிக்கிழமைக்கா.”

“நான் சொன்னது செவ்வாய்க்கிழமை. மூணு நாளா என்ன எழுதினே?”

சாய்வெழுத்து வரியை அவள் மொழியில் படித்துக் காட்டினேன்: ‘மலை எங்கள் முதுகெலும்பு. அதை உருவிவிட்டால் நாங்கள் ஊர்ந்துதான் வாழ வேண்டும்.’

பெரியக்கா அந்த வரிமேல் விரலை வைத்தாள்.

“இதை நான் சொல்லலியே.”

“இல்லக்கா. நானா சேர்த்தது.”

“நாங்க எதுக்குப்பா ஊரணும்? நாப்பத்து மூணு வீடு, திங்கக்கிழமை இடிக்கிறாங்க, நிறுத்துங்கன்னு சொன்னேன். அது இருக்கா இதுல?”

“ஒன்பதாம் பக்கத்துல இருக்குக்கா.”

அவள் திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்தே வைத்திருந்தேன். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது.

“இப்ப எழுது. நான் சொல்றதை மட்டும். எழுதினதை எழுதினபடியே எனக்குப் படிச்சுக் காட்டணும்.”

ஆறு வரி வந்தது. இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நடுவில் ‘தயவுகூர்ந்து’ என்று ஒரு வார்த்தை எப்படியோ நுழைந்திருந்தது, அதையும் எடுக்க வைத்தாள்.

“அனுப்பற பொத்தான் எது?”

காட்டினேன். அவளே அழுத்தினாள்.

“எந்தக் கிழமைப்பா இன்னைக்கு?”

“திங்கக்கிழமைக்கா.”

“சரி. பதில் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நீ எதையும் தொடாதே.”

கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.