ஆறாம் நாள் சுடும் தொட்டி

1.

இந்தக் கதை பெருமையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான்கு பேர் கண்டுபிடிக்க முடியாத ஒரு பழுதை ஐந்தாவதாகப் போனவன் கண்டுபிடித்தான். போனவன் நான். ஆனால் ‘நான்’ என்று எழுத ஆரம்பித்தால் வரிக்கு வரி மார்தட்டல் வந்துவிடுகிறது. அதனால் அந்த வேலையை வேறொருவனிடம் கொடுத்துவிட்டேன். பெருமையையும் அவனே வைத்துக்கொள்ளட்டும்.

(அவன் அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கும் அது புரிய வேண்டும். இந்தக் கதையில் உள்ள சிக்கல் அது ஒன்றுதான்.)

2.

முதல் தொடக்கம்:

‘பிரிக்பீல்ட்ஸ், ஸ்காட் ரோடு. மழை விட்டிருந்தது. கனகலிங்கம் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு —’

நிறுத்தினேன். கனகலிங்கம் என்றால் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவன் அம்மா அவனை எப்படியாவது ஒரு அரசாங்க நாற்காலியில் உட்கார வைத்திருப்பார். பழுது பார்க்கத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க விட்டிருக்க மாட்டார்.

இரண்டாம் தொடக்கம்:

‘மழை விட்டிருந்தது. அய்யாவு —’

மழை எதற்கு? அன்று வெயில் கொளுத்தியது. கதை என்றால் மழை பெய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3.

1989, மார்ச் இருபத்து மூன்று, வியாழக்கிழமை. அய்யாவு டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். டெக்னிக்கல் காலேஜில் படித்து, மின்சாரச் சான்றிதழ் வாங்கி, கிள்ளானில் அப்துல் மஜீதின் பம்புக் கடையில் வேலை பார்த்தான். அன்று காலை முதலாளி சொன்னார்:

“அய்யாவு, அந்த பிரிக்பீல்ட்ஸ் டீச்சரம்மா வீட்டு ஹாட் டப். நாலு கடைக்காரன் வந்து பாத்துட்டுப் போயிட்டான் லா. நீ போயி நம்ம கடை பேரக் காப்பாத்து. முடியலன்னா சும்மா அசடு வழியாம திரும்பி வந்துரு.”

வீட்டுக்கார அம்மா, தங்கரத்தினம் டீச்சர்; யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஓய்வுபெற்றவர். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தினமும் மாலை நான்கு மணிக்கு அரைமணி நேரம் வெந்நீரில் காலை அசைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அமெரிக்காவில் எஞ்சினியராக இருக்கும் மகன் அந்த வெந்நீர்த் தொட்டியைக் கப்பலில் அனுப்பியிருந்தான். இந்த மாதிரிப் பெரிய சாதனங்களுக்கு அங்கேயும் இருநூற்று நாற்பது வோல்ட், இங்கேயும் இருநூற்று நாற்பது. ஒரு குறையும் வராது என்று கடிதம் எழுதியிருந்தான்.

டீச்சர் ஊன்றுகோலோடு வாசலுக்கே வந்தார்.

“நீர் அஞ்சாவது ஆள். முதல் வந்தவர் ஹீட்டரை மாத்தினார். ரெண்டாமவர் தெர்மோஸ்டாட்டை மாத்தினார். மூண்டாமவர் வயரை மாத்தினார். நாலாமவர் திரும்பவும் ஹீட்டரை மாத்தினார். நீர் என்னத்தை மாத்தப் போறீர், என்னையோ?”

“மொதல்ல பாக்குறேன் டீச்சர்.”

“எல்லாரும் பாத்தவைதான். ஆள் வந்த அண்டைக்கு நல்லாச் சுடும். அடுத்த நாள் பச்சைத் தண்ணி. அதுக்குள்ள இறங்கினா இடுப்பு மரக்கட்டை.”

4.

[இங்கே அய்யாவு மேதை மாதிரி நெற்றியைத் தடவுகிறான் என்று எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். அவன் தண்ணீர் கேட்டான். அதற்காகத்தான் சமையலறைப் பக்கம் போனான்.]

சமையலறைக் கதவில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. மார்ச் மாதத்தில் நான்கு தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மூன்று, ஒன்பது, பதினைந்து, இருபத்தொன்று.

“இது என்னா டீச்சர்?”

“தொட்டி சுட்ட நாள். காலுக்குப் பயிற்சி சொல்லித் தாற பிள்ளை கேக்கும் எண்டு குறிச்சு வைச்சனான். மூண்டாந் தேதி நாலாமவர் வந்த நாள். வெள்ளிக்கிழமை. அம்மன் கண் திறந்திட்டா எண்டு நினைச்சன். பிறகு பாத்தா வியாழன். பிறகு புதன். பிறகு செவ்வாய். அம்மனும் என்னோட விளையாடுறா.”

அய்யாவு தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆறு நாள். ஆறு நாள். ஆறு நாள். ஹீட்டர் கெட்டால் கெட்டதுதான். வயர் தளர்ந்தால் இஷ்டத்துக்கு வரும், போகும். பழுதுக்கு நாள் எண்ணத் தெரியாது. எண்ணுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

தொட்டிக்கு அடியில், தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைத் திறந்தான். மெயின் சுவிட்சை அணைக்கவில்லை.* கையை வைக்கவில்லை, கண்ணை மட்டும் வைத்தான். ஹீட்டரை மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டு நான்கு மணிக்கு அணைக்க ஒரு சின்னக் கடிகாரம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கைக்கடிகாரத்தில் காலை பத்து. அதில் இரவு இரண்டு.

ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தான்.

* இதை நீங்கள் செய்யாதீர்கள். அவனுக்குச் சான்றிதழ் இருந்தது.

5.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கதையில் இது மோசமான இடம். ஒன்றும் நடப்பதில்லை. ஒருவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் இந்த இடத்தைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

டீச்சர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

“என்ன, படம் பாக்க வந்தவர் மாதிரி இருக்கிறீர்? இடைவேளைக்குக் கச்சான் வறுத்துத் தரட்டோ?”

“குடுங்க டீச்சர்.”

கச்சான் வந்தது. வேர்க்கடலைதான், டீச்சர் வீட்டுப் பேச்சில் அது கச்சான்.

அவன் கைக்கடிகாரத்தில் மணி ஒன்று. பெட்டிக்குள் நாலரை. இங்கே மூன்று மணி நேரம் போயிருந்தது, அங்கே இரண்டரைதான். கடிகாரத்தின் தகட்டைத் துடைத்துப் படித்தான். அறுபது என்று போட்டிருந்தது.

மகன் வோல்ட்டைப் பார்த்தான். வந்த நான்கு பேரும் வோல்ட்டைப் பார்த்தார்கள். துடிப்பை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு அறுபது முறை துடிக்கும், நம்முடையது ஐம்பது. அந்தக் கடிகாரம் துடிப்பை எண்ணித்தான் சுற்றும். அறுபது எண்ணினால்தான் அதற்கு ஒரு விநாடி. ஆகவே மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். ஆறு நாளில் முழுசாக ஒரு நாள் பின்தங்கி, மறுபடியும் சரியான நேரத்தில் வந்து நிற்கும். அன்றைக்கு மட்டும் டீச்சர் இறங்கும்போது தண்ணீர் சுடும். மற்ற நாள்களில் யாரும் இல்லாத நேரத்தில் சுட்டு, ஆறிப்போகும்.

(கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். நான் எத்தனையோ முறை போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கிறது.)

நான்கு பேரும் முட்டாள்கள் இல்லை. ஒழுங்காக வேலை தெரிந்தவர்கள். அதனால் முதலில் மெயினை அணைத்தார்கள். கடிகாரம் நின்றது. நின்ற கடிகாரம் தப்பு நேரம் காட்டுவதில் என்ன அதிசயம்? வேலை முடிந்ததும் பொறுப்பாகச் சரியான நேரத்தைத் திருப்பி வைத்தார்கள். அன்றைக்குச் சுட்டது. கையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

6.

வெள்ளிக்கிழமை அய்யாவு கிள்ளானில் கடை விளம்பரப் பலகைகளுக்குப் போடும் உள்ளூர் டைமர் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். சனிக்கிழமை நான்கு மணிக்குப் போய் நின்றான். டீச்சர் காலை வைத்தார். முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. ஞாயிறும் சுட்டது. திங்களும் சுட்டது. இனி தொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவன் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னபோது டீச்சர் சொன்னது இது:

“கடைசியில மணிக்கூடுதானோ? இதுக்கோ அஞ்சு பேர்!”

கடைக்குப் போனான். முதலாளி ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஒரு டைமர்தான லா மாத்துன? சரி சரி. ரவாங்குல ஒரு பம்பு ஓடலயாம். திங்கக்கெழம போ.”

இரண்டு பேரும் நல்லவர்கள். ஆறு என்ற எண் கதவில் தொங்கிக்கொண்டிருந்ததும், அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிடித்ததும் அவர்கள் காதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை நான் வீட்டுக்குத் திரும்பியபோது வீட்டில் —

[இந்த வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கி விட்டுவிட்டேன். என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. செய்தி அவ்வளவுதான்.]

7.

முதல் பிரதியில் அய்யாவுக்கும் மனைவி இல்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். கதையும் படுத்துக்கொண்டது. இந்தப் பிரதியில் அவனுக்கு மனைவி உண்டு. புஷ்பவல்லி. (உண்மைப் பெயரை எழுதவில்லை.) ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் பொருள்கள் நகர்ந்து வரும் வேகத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள்.

முடிவு, முதல் வடிவம்: “அப்படியா? கெட்டிக்காரர்தான். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

இது காலண்டரில் அச்சடித்த மனைவி. அடித்துவிட்டேன்.

இரண்டாம் வடிவம்: தரையில் நியூஸ்பேப்பரை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

“சுட்டுச்சா?”

“சுட்டுச்சி.”

“என்னா கோளாறு?”

சொன்னான். காலண்டரிலிருந்து ஆரம்பித்து, கச்சானையும் விடாமல் சொன்னான். பாதியில் அவள் கை நின்றுவிட்டது.

“இருங்க. அப்போ அந்த நாலு பேரும் ரிப்பேரே பண்ணல. மணிய வச்சிட்டுப் போயிருக்காங்க.”

“ஆமா.”

“நீங்க மெயின அடைக்காததால அது ஓடுறதப் பாத்தீங்க.”

“ஆமா.”

“அய்யோ, நல்ல ஆளுங்க நீங்க! மூணு மணி நேரமா? நானா இருந்தா தூங்கியிருப்பேன்.” சிரித்தாள். மறுபடியும் ஒரு நெத்திலியை எடுத்தாள். அதைக் கிள்ளாமல் நிமிர்ந்தாள். “அப்போ பம்பு?”

“பம்புக்கு என்ன?”

“அதுவும் அங்கேருந்து வந்ததுதானே. கடிகாரம் மெதுவா ஓடுச்சின்னா பம்பும் மெதுவாத்தானே ஓடும்? அதப் பாத்தீங்களா?”

8.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

பம்பை நான் பார்க்கவில்லை. அந்த வியாழக்கிழமையும் பார்க்கவில்லை, அதற்குப் பிறகு இத்தனை தடவை கணக்குப் போட்டபோதும் பார்க்கவில்லை. இந்த வரியை எழுதும்வரை அது என் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் சொல்வது சரி. பம்பும் மெதுவாகத்தான் ஓடியிருக்கும், சூடேறி உழைத்திருக்கும். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நான் கொடுத்தது ஒரு நியூஸ்பேப்பரும் கொஞ்சம் நெத்திலியும்தான்.

நான்கு பேர் காணாததை நான் கண்டேன். நான் காணாததை இவள் கண்டுவிட்டாள். பெருமை என்று ஆரம்பத்தில் சொன்னேன். இப்போது அது இரண்டு பங்கு ஆகிவிட்டது. பெரிய பங்கு அவளுடையது.

இனி அய்யாவு பதில் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். பார்த்தேன் என்று சமாளிக்கலாம். உடனே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போகலாம். மூன்றையும் எழுதிப் பார்க்க எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. பதில் வந்தால் பேச்சு முடிந்துவிடும்.

உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை. அவள் கையில் அந்த நெத்திலியோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.