நடுவர் துணி துவைக்கப் போனார்

கால்பந்து நடுவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அன்றைக்கு யாருக்கும் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். சமையலில் உப்பு சரியா என்று மனைவி கேட்டால்கூட, "நீயே பாத்துக்கோம்மா" என்று நழுவிவிடுவார். முந்தின நாள் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு பெனால்ட்டி கொடுத்து, பாதி மைதானத்தின் வாயில் விழுந்து எழுந்திருந்தார். அவருடைய கண்பார்வையைப் பற்றியும் பரம்பரையைப் பற்றியும் அவர்கள் சொன்னதெல்லாம் இன்னும் காதில் இரைந்துகொண்டிருந்தது.

பெரிய கம்பளி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைச் சலவைக் கூடத்துக்குப் போனார். வீட்டு மெஷினில் அது அடங்காது. இங்கே சுவரோரமாக வரிசையாய் மெஷின்கள், காசு போட்டால் யார் வேண்டுமானாலும் துவைத்து, உலர்த்திக்கொள்ளலாம். கம்பளியைத் திணித்து, கதவை முழங்காலால் தள்ளி மூடிவிட்டு, பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"யாரு என் துணியைத் தொட்டது?"

நடுவர் கண்ணைத் திறக்கவில்லை. காதை என்ன செய்வது?

கத்தியவர் ஒரு டாக்சி ஓட்டுநர். துணியை மெஷினில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போனவர். திரும்பி வந்து பார்த்தால், அவருடைய ஈரத்துணியெல்லாம் நடு மேஜையில் கிடக்கிறது. குவியலின் உச்சியில், கிளிப்படம் போட்ட ஜட்டி ஒன்று கொடி மாதிரி.

"நான்தான் எடுத்து வச்சேன்," என்றாள் ஒரு நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து, தூக்கக் கண்ணோடு யூனிஃபார்ம் துவைக்க வந்தவள். "மெஷின் நின்னு எவ்வளவு நேரமாச்சு! துவைச்சு முடிஞ்சதும் உடனே எடுக்கவும்னு போர்டு போட்டிருக்கான்ல?"

"உடனேன்னா ஒரு டீ குடிக்கிற நேரம்கூடவா இல்ல?"

"டீயா குடிச்சீங்க? டீத்தோட்டம் போட்டு, இலை பறிச்சு, காயவச்சுல்ல குடிச்சிருக்கீங்க!"

"அது போகட்டும். அந்தக் கிளியை ஏன் மேல வச்சீங்க?"

"நான் எங்க வச்சேன்? அதுவா வந்து உக்காந்துச்சு!"

நடுவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அப்போது பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த தொப்பிக்காரர் அவரை உற்றுப் பார்த்தார்.

"சார், நேத்து அந்தப் பெனால்ட்டி குடுத்த ரெஃப்ரி நீங்கதானே?"

"நான் இல்ல."

"அந்த மீசையை மறக்க முடியுமா? ராத்திரி பூரா தூங்கல சார் நான்!" தொப்பிக்காரர் எழுந்து நின்று கூடத்துக்கே அறிவித்தார். "ஏங்க, எதுக்குச் சண்டை? இங்க ரெஃப்ரியே இருக்காரு. அவர்கிட்டயே கேளுங்க."

இருவரும் அவரிடம் வந்து நின்றார்கள். "நீங்களே சொல்லுங்க சார்" என்று இரண்டு பேர் ஒரே குரலில் கேட்டால், இருபது வருடப் பழக்கம் சும்மா விடுமா? நடுவர் தன் சட்டத்தை மறந்து எழுந்தார்.

"துணியை எடுத்தது தப்பில்ல. ஆனா மடிச்சு ஓரமா வச்சிருக்கணும், இப்படி பரப்பியிருக்கக் கூடாது. அதுக்கு நீங்க மன்னிப்புக் கேளுங்கம்மா. லேட்டா வந்ததுக்கு இவர் கேக்கட்டும்."

"நான் மடிக்கணுமா? இவர் ஜட்டியை?" நர்ஸின் தூக்கம் கலைந்துவிட்டது.

"நான் எதுக்குக் கேக்கணும்? இவர் யாரு எனக்குச் சொல்றதுக்கு?" என்றார் ஓட்டுநர்.

இரண்டு பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். தொப்பிக்காரர் பெஞ்சில் ஏறி நின்று, "நேத்தும் இப்படித்தாங்க!" என்று எடுத்துக்கொடுத்தார். நடுவரின் கை தானாகச் சட்டைக்குள் போயிற்று. ஓய்வு நாளிலும் கழுத்தில் தொங்குகிற விசிலை எடுத்து ஊதினார். அந்தச் சின்ன அறையில் அது இடி மாதிரி விழுந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் பிரேக் பிடித்து இறங்கிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து மஞ்சள் கார்டு காட்டித்தானே பழக்கம்? சட்டைப் பையைத் தடவினார், இல்லை. மேஜையில் மஞ்சளாக ஏதோ கண்ணில் பட்டது. வெடுக்கென்று எடுத்து ஓட்டுநரின் முகத்துக்கு நேரே உயர்த்தினார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஓட்டுநர் அண்ணாந்து பார்த்தார். "சார், அது என் சாக்ஸ்."



"கேக்காம அடுத்தவங்க துணியைத் தொடலாமா?" என்றாள் நர்ஸ், கொஞ்சமும் கூசாமல்.

"அதானே!" என்றார் ஓட்டுநர். "நல்லா கேளுங்க தங்கச்சி!"

உயர்த்திய கையை எப்படி இறக்குவது என்று நடுவருக்குத் தெரியவில்லை. மைதானத்தில் அவர் எதற்கும் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. கேட்டால் அடுத்த ஆட்டத்தில் எவனும் மதிக்கமாட்டான். சாக்ஸைப் பிழிந்து, நீவிவிட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

"தப்புதான். மன்னிச்சுக்குங்க."

சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. இவ்வளவுதானா இது என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

"அப்போ அந்தப் பெனால்ட்டியும்?" என்று தொப்பிக்காரர் ஆசையாகக் கேட்டார்.

"அது சரிதான். சாக்ஸ் மட்டும்தான் தப்பு."

முதலில் சிரித்தது நர்ஸ். அந்தச் சிரிப்பில் ஓட்டுநரும் இறங்கி வந்து, டீக்கடையில் கிரிக்கெட் பேசி நேரம் போனதே தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். கிளியைத் தானே அவசரமாகப் பையில் திணித்தார்.

எல்லாருடைய துணியும் உலர்ந்து முடிந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. "வண்டி வாசல்லதான் நிக்குது, எல்லாரையும் இறக்கி விட்டுடுறேன்," என்றார் ஓட்டுநர். முன்சீட்டில் யார் உட்காருவது என்று நர்ஸுக்கும் தொப்பிக்காரருக்கும் உடனே தகராறு. "முதல்ல இறங்குறது நான்" என்று அவளும், "முட்டி வலிக்குது எனக்கு" என்று அவரும் மழையில் நனைந்துகொண்டே வாதாடினார்கள். இருவரும் சேர்ந்தாற்போல் திரும்பி நடுவரைப் பார்த்தார்கள்.

அவர் ஏற்கெனவே பின்சீட்டில் ஏறி, கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்.