மைக்குக்கு ஒரு சாண் தள்ளி

ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கியதும்தான் வீட்டில் இத்தனை நாளாக ஒரு முனகல் இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. ஃபேனை முன்னாடியே நிறுத்தியாயிற்று. ஜன்னலுக்கெல்லாம் போர்வை. கட்டிலைச் சுற்றித் தலையணைகளை அடுக்கி நடுவில் கணவரை உட்காரவைத்திருந்தாள். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் அவருடைய குரல்வளையை எடுக்கப்போகிறார்கள். அதற்கப்புறம் இந்தக் குரல் கிடையாது.

ரெக்கார்டர் அவளுடைய தம்பியுடையது. பத்திரிகை வேலையில் அடிபட்டுத் தேய்ந்த பழசு. எது பேசினாலும் பின்னாடி உஸ்ஸென்று ஓர் இரைச்சல். புது மைக் வாங்கலாமா என்று போனில் கேட்டதற்கு, "காச கரியாக்காதக்கா. சத்தத்தோட லெவல ஆட்டோல விட்டா சும்மா இருக்கிற இரைச்சலையும் அதுவே தூக்கிக் காட்டும். கையால பாதியில வை. மைக்குக்கு ஒரு சாக்ஸ மாட்டு. வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்ச்சுப் பிடி," என்றான். அப்படியே செய்தாள். ஹெட்போனில் கேட்டால், அடடா, துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

கோளாறு குரலில் இல்லை, ஆளிடம்தான். ஆயுசு முழுக்க பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொன்னவர். சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும்.

"அன்பு மனைவிக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், தாங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும்."

"தாங்களா? என்னைக்குங்க என்னை அப்படிக் கூப்பிட்டீங்க?"

"மைக்குன்னா ஒரு மரியாதை வேணாமா?"

"வீட்ல பேசுற மாதிரி பேசுங்களேன்."

"வீட்ல யாரு மைக்க நீட்டினா?"

மறுபடி எடுத்தாள். மறுபடியும் அறிவிப்பு, வேண்டுகோள், நன்றி. இந்தக் குரலை ஊரே கேட்டிருக்கிறது, ஊரே வைத்துக்கொள்ளட்டும். குறை சொல்லி, வம்பிழுத்து, பேச்சுப் பாதியில் தூங்கிப்போகிற குரல் ஒன்று இருக்கிறதே, அவளுக்கு மட்டுமானது, அதில் ஒரு வரியாவது வேண்டும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல், தம்பிமேல், அந்தப் பாழாய்ப்போன சாக்ஸ்மேல்.

அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. "போதும், விடுங்க," என்று ஃபேனைப் போட்டுவிட்டு, ரெக்கார்டரோடு அடுக்களைக்குப் போனாள். ஃப்ரிட்ஜை மறுபடி சொருகினாள். பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அழுகை முட்டியது.

"ஏய், அங்க என்னடி உருட்டுற? கோவமா?"

அப்படியே நின்றுவிட்டாள். விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது. தம்பி வேண்டாமென்ற ஆட்டோவுக்கே சுவிட்சைத் தள்ளினாள். ஃப்ரிட்ஜும் ஃபேனும் சேர்ந்து வந்தால் வரட்டும், அந்த அறையிலிருந்து அவரையும் இழுத்துக்கொண்டு வரட்டும். 'இல்லீங்க' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். பதில் சொன்னால் நிறுத்திவிடுவார்.

"உன்னத்தான்டி. காது கேக்கலையா? தண்ணி எடுத்துட்டு வா, தொண்டை எரியுது."

சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிலைப்படிவரை வந்தாள். அதற்குமேல் கால் எடுத்துவைக்கவில்லை. அவர் பலமாக இருமினார். சொம்பு தளும்பி, தண்ணீர் காலில் சொட்டியது. இன்னும் ஒரே ஒரு தரம் கூப்பிடட்டும் என்று அங்கேயே நின்றாள்.