பாம்புக்காதுக்காரி

தொழிலில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். பத்து வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்போது மூன்றாவது வயலின் மயிரிழை சுருதி இறங்கியிருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தபடியே சொல்லிவிடுவாள். பாட வந்தவர்கள் வராந்தாவில் நின்று அவளைப் பற்றி முணுமுணுக்கக்கூடப் பயப்படுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்துவிடும்.

ஒரு நகலகத்துக்கு மேல்மாடியில் இருந்த வீட்டை ஸ்டுடியோவாக மாற்றிப் பத்தொன்பது வருடமாக நடத்திவந்தாள். விளம்பரங்களுக்கும் தொடர்களுக்கும் இசையமைப்பது, பதிவு செய்வது, தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலந்து முடிப்பது எல்லாம் அவள் வேலை. கூட இருந்தது கொழுந்தன் ஒருவன்தான். முன்பு மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி பார்த்தவன். ஆளுயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது அடியோடு போய்விட்டது. அந்த வேலையும் போனபோது, "என்கூட வந்துடு தம்பி" என்று அவள்தான் கூப்பிட்டாள். ஆறு வருடமாகிறது. மைக் வைப்பது, வயர் இணைப்பது, முடிந்த பாட்டை உரியவர்களுக்கு அனுப்புவது எல்லாம் அவன் பார்த்துக்கொண்டான்.

அவளுடைய சந்தேகம் முதலில் விழுந்தது மின்சாரத்தின் மேல். ஸ்பீக்கரை அணைத்த பிறகும் அறைக்குள் மெல்லிய கம்பி போல ஒரு கீச்சொலி நீண்டுகொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே மேடம்."

"உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும். எர்த்தைப் பாருங்க."

எர்த் வயர் மாறியது. குழல்விளக்கு மாறியது. பக்கத்து அறையிலிருந்த ஃபிரிட்ஜ் வராந்தாவுக்குக் குடிபோனது. கீச்சொலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் ஒருநாள் குளியலறையில் அது கேட்டது. பேருந்தில் கேட்டது. வயரில் இல்லை, தன் காதுக்குள்தான் இருக்கிறது என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. பாம்புக்காதுக்கே காதில் கோளாறாம் என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்த சந்தேகம் ஸ்பீக்கர்களின் மேல். ஒலியைக் கூட்டும் குமிழைக் கடிகார முள் மாதிரி பன்னிரண்டு மணிக்கு வைத்து வேலை செய்வது அவள் வழக்கம். இப்போது மூன்று மணிக்குத் திருப்பினாலும் உறைக்கவில்லை. மிளகாய் போடாத குழம்பு மாதிரி இருந்தது.

"ஸ்பீக்கர்ல ஏதாவது போயிடுச்சா தம்பி?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றான் அவன், கையிலிருந்த வயரைச் சுற்றிக்கொண்டே.

ஒற்றைக் காது மனிதன் அவன். யார் பேசினாலும் அவர்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அன்றைக்கு மட்டும் ஏன் வயரைப் பார்த்தான்? அந்தக் கேள்வி அவள் மனதில் முள்ளாகத் தைத்தது.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அவன் அவளுக்கு முன்னால் வந்து கதவைத் திறந்தான். அவள் உள்ளே நுழைந்தால் கணினித் திரையில் எதையோ மூடினான். எப்போதும் அவளைக் கூப்பிடும் விளம்பர இயக்குநர் இப்போதெல்லாம் அவனைக் கூப்பிட்டார். ஒருநாள் காலையில் மாடிப்படி ஏறும்போது மேலே அவன் போனில் பேசுவது கேட்டது.

"இல்ல சார், அவங்களுக்கு இன்னும் தெரியாது. நான் பாத்துக்கறேன். நீங்க அவங்ககிட்ட எதுவும் பேசிடாதீங்க."

அவள் சத்தமில்லாமல் நாலு படி இறங்கி, செருப்பை அழுத்தித் தேய்த்தபடி மறுபடி ஏறினாள். மேலே பேச்சு நின்றிருந்தது.

சாயந்திரம் கணவனிடம் சொன்னாள். அவர் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"உங்க தம்பி தனிக்கடை போடப்போறார்."

"அவனா? ஒரு சட்டை வாங்கவே நாலு பேரைக் கேப்பான்!" என்று அவர் சிரித்தார்.

சோதிக்காமலே சிரித்துவிட்டாரே என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பும் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அன்றிலிருந்து கணவனும் அவள் பட்டியலில் சேர்ந்தார்.

ஒரு புதன்கிழமை காலை கொழுந்தன் ஒரு மைக்கைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தான். அவள் கதவைத் தாழிட்டாள். ஒலியின் அளவைக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிவைத்திருந்தாள். போனை நாற்காலியில் வைத்து, பழகிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, குமிழைத் திருப்பினாள். பன்னிரண்டு மணியில் எழுபத்தெட்டு டெசிபல். ஒரு மணியில் எண்பத்திரண்டு. இரண்டு மணியில் எண்பத்திரண்டு. மூன்றில், நான்கில், முழுக்கத் திருப்பியும் அதே எண்பத்திரண்டு.

யாரோ ஒலிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்!

டார்ச்சோடு மேசைக்கு அடியில் தவழ்ந்தாள். குமிழிலிருந்து போகும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். கம்பளத்தின் மடிப்புக்குள் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. ஒலி ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் அமுக்கிப்பிடிக்கும் கருவி. அவள் வாங்கியதில்லை.

முட்டியில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டாமல் அவனுடைய கணினியைத் திறந்தாள். அவள் முடித்துக் கொடுத்த ஒவ்வொரு பாட்டும் இரண்டு பிரதியாக இருந்தது. ஒன்று அவள் செய்தது. இன்னொன்று வெளியே போனது. இப்படிப் பதினொரு பாட்டுகள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். வெளியே போன பிரதியில் பளபளப்பே இல்லை. ஜமுக்காளத்தைப் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது.

என் பாட்டை மழுங்கடித்து அனுப்பியிருக்கிறான். எனக்குப் பெயர் கெட வேண்டும், ஆட்கள் அவன் பக்கம் போக வேண்டும். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவன் திரும்பி வந்தபோது பெட்டி மேசைமேல் இருந்தது.

"வாங்க, உக்காருங்க" என்றாள். கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும். ஆறு வருடமாக நீ, வா, போ என்றே கேட்டுப் பழகியவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது யார் வெச்சது?"

"நான்தான் அண்ணி."

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசமா."

"என் வேலையைக் கெடுத்து ஆளுங்களை உங்க பக்கம் இழுக்கவா?"

அவனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிப்போனது. மெதுவாகச் சொன்னான்.

"அந்த டிராக்டர் விளம்பரம் செஞ்சப்போ மூணு மணிக்குத் திருப்பி வெச்சு அஞ்சு மணிநேரம் உக்காந்திருந்தீங்க. அடுத்த ரூம்ல இருந்த எனக்கே வலிச்சுது. வந்து சொன்னேன். என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. 'ஒத்தக் காதை வெச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா' என்று சொல்லியிருந்தாள். பாட வந்த இரண்டு பேர் முன்னால்.

"அதுக்கப்புறம் எப்படி அண்ணி சொல்றது? என் காது இப்படித்தான் போச்சு. முதல்ல ஒரு கீச்சு, அப்புறம் எல்லாமே மங்கல். உங்களுக்கும் கீச்சு கேக்குதுன்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"பாட்டை எதுக்கு மாத்தினீங்க?"

"இயக்குநர் போன் பண்ணினார். காதுல ஊசி குத்தற மாதிரி இருக்குன்னார். கூர்மையான சத்தம் உங்களுக்குக் குறைவா விழுது. அதான் நீங்க கூட்டிக் கூட்டி வைக்கிறீங்க. நான் கொஞ்சம் இறக்கி அனுப்பினேன். வேலை கையை விட்டுப் போயிடக்கூடாதேன்னு..."

"உங்க அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"சரி, வீட்டுக்குப் போங்க."

அவள் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் கதை சொல்லத்தானே செய்வான்? பெட்டியைப் பிடுங்கிப்போட்டு வயரை நேராக இணைத்தாள். குமிழை மூன்று மணிக்குத் திருப்பினாள். நாற்காலியிலிருந்த போன் தொண்ணூற்றேழு டெசிபல் காட்டியது. பழைய உறைப்பு வந்தது, நெஞ்செலும்பு அதிர்ந்தது. பாதியில் நின்றிருந்த ஒரு தொடரின் முகப்பிசையை எடுத்துவைத்துக்கொண்டு சாப்பாடுகூட இல்லாமல் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தாள். நாலு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் வேலை செய்ததில்லை.

படியிறங்கும்போது நகலகக்காரர் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. சொல், தண்ணீருக்கடியில் இருந்து வந்த மாதிரி மொத்தையாக வந்தது. கம்பி போல இருந்த கீச்சொலி இப்போது ரயில் ஊதுவது போல இருந்தது. மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தது. தேநீர்க் குவளையைக் கீழே வைத்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

அன்றே ஒரு செவித்திறன் மையத்துக்குப் போனாள். தெரிந்தவர் யாரும் வரக்கூடாதென்று இரண்டு பேருந்து மாறி நகரத்தின் மறுகோடிக்குப் போனாள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஆசிரியை' என்று எழுதினாள்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். இந்த ஹெட்போன் மட்டரகம் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். சோதனை முடிந்ததும், அவள் வயதே இருக்கும் பரிசோதகர் ஒருவர் கதவைத் திறந்து எதிரே உட்கார்ந்தார்.

"நிறைய அழுத்தினீங்க. அதுல ஆறு தடவை நான் எந்தச் சத்தமும் போடலைங்க."

"அப்போ நான் கேட்டது?"

"உங்க காதுக்குள்ள இருக்கற இரைச்சல். காது சில சத்தத்தை அனுப்பறதில்ல. மூளை அந்த இடத்தை நிரப்பப் பாக்குது." அவர் ஒரு தாளை நீட்டினார். அவள் கேட்கும் திறனைக் காட்டிய கோடு ஒழுங்காகப் போய், ஒரு இடத்தில் திடீரென்று பள்ளத்தில் விழுந்திருந்தது. "ஆசிரியைன்னு போட்டிருக்கீங்க. பாடம் நடத்தினா பொதுவா இப்படிப் பள்ளம் விழாது. உண்மையில என்ன வேலை பாக்கறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"நேத்து மங்கினது பாதியாவது திரும்பலாம். டாக்டரை இன்னிக்கே பாத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க. இந்தப் பள்ளம் பழசு. இது நிரம்பாது. பெரிசாகாம பாத்துக்கலாம். எண்பத்தஞ்சு டெசிபல்ல எட்டு மணிநேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு மேல மூணு மூணா ஏற ஏற நேரம் பாதி பாதியாக் குறையும். உங்களுக்கு அதுவும் வேண்டாம், இன்னும் கீழயே இருங்க."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். தொண்ணூற்றேழுக்கு அரைமணி நேரம் வந்தது. நேற்று அந்த அளவுக்குக் குறையாமல் ஏழு மணிநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த இரைச்சலை எப்படி நிறுத்தறது?"

"நிறுத்தறேன்னு யாராவது மருந்து வித்தா வாங்காதீங்க. அதையே உத்துக் கேட்டா அது பெரிசாத்தான் தெரியும். முழு அமைதியில அதோட தனியா உக்காராதீங்க. மெதுவா ஃபேன் ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். அதை ஒரு ஓரமா விட்டுட்டு வேலையைப் பாக்க ஒரு பயிற்சி இருக்கு, அதுக்கு வாங்க. நாளாக ஆகப் பழகும்."

டாக்டர் கொடுத்த மாத்திரையோடு ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். மங்கல் முக்கால்வாசி விலகியது. கணவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்களுமா?"

"சொன்னா நீ அவனை அனுப்பிடுவேன்னு பயமா இருந்துச்சு" என்றார் அவர். "அவன் போயிட்டா உன் காதை யார் பாத்துப்பான்னும் பயம்."

எட்டாம் நாள் கொழுந்தனைக் கூப்பிட்டு அனுப்பினாள். வந்தான். இருவரும் அணைத்துவைத்த ஸ்பீக்கர்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"பெட்டியைச் சொல்லாம வெச்சது தப்பு. பாட்டை மாத்தினது அதைவிடப் பெரிய தப்பு. அது என் பேர்ல போற வேலை."

"ஆமா அண்ணி."

"அன்னிக்கு ஆளுங்க முன்னாடி நான் அப்படிச் சொன்னதும் தப்பு. அதை மனசுல வெச்சுக்காதே தம்பி."

மறுபடி ஒருமைக்கு வந்துவிட்டாள் என்பதில்தான் அவனுக்கு உயிர் வந்தது.

பிறகு வேலையை மாற்றியமைத்தார்கள். குமிழைப் பன்னிரண்டு மணிக்குக் கீழே, எழுபத்தைந்து டெசிபலில், அவளே தன் கையால் வைத்தாள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வெளியே போனாள். கூர்மையான சத்தங்களைக் காதை மட்டும் நம்பாமல் திரையில் அவற்றின் அளவைக் காட்டி ஓடும் கோட்டைப் பார்த்து நிதானித்தாள். முரசும் கிடாரும் வாசிப்பவர்கள் வந்தால், காதின் அச்சுக்கேற்ப வார்த்த அடைப்பான்களை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனாள். கடைசியில் அவன் கேட்டு, குறையை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"ரெண்டு பேரையும் சேத்தா ரெண்டு காது தேறும் இல்ல?" என்றாள்.

"ஒண்ணே முக்கால் தேறும் அண்ணி" என்றான் அவன்.

சில நாட்களில் அவன் ஒன்று சொல்ல, அவள் வேண்டுமென்றே நேர்மாறாகச் செய்துவிட்டு, மறுநாள் வந்து திருத்துவாள். கீச்சொலி போகவில்லை. களைத்த நாட்களில் அது உரக்கப் பாடியது. மற்ற நாட்களில் ஃபேன் காற்றுக்குள் எங்கோ கிடந்தது.

இயக்குநரிடம் அவளே போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். "அதனால என்ன மேடம்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும், "உங்க கொழுந்தனாரும் கேட்டுட்டாரா?" என்று தேன் தடவிய குரலில் விசாரித்தார். பெரிய வேலை ஒன்று வேறு ஸ்டுடியோவுக்குப் போனது. அவளுக்கு வலித்தது. ஆனால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. சந்தேகப்படுகிற குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது கொழுந்தனையும் இழுத்துக்கொண்டு போனாள். இருந்த ஒரு காதைப் பத்து வருடமாக அவன் யாரிடமும் காட்டியதில்லை.

"எனக்கு எதுக்கு அண்ணி?"

"என் காதுக்குக் காவல் இருந்தியே, உன் காதுக்கு யார் இருக்கா? வா, பேசாம."

அவள் கோட்டில் மாற்றமில்லை. பள்ளம் ஒரு இம்மியும் ஆழமாகவில்லை. அடுத்து அவன் உள்ளே போனான். கண்ணாடிக்கு வெளியே அவள் நகத்தைக் கடித்தபடி நின்றாள்.

"வலது காது இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் பரிசோதகர்.

அவன் தாளை வாங்கி மேலும் கீழுமாகப் பார்த்தான். பரிசோதகரைப் பார்த்தான். கருவியைப் பார்த்தான்.

"இந்த மெஷின் சரியா வேலை செய்யுதுங்களா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரிசோதகர் எழுந்து அவனை மறுபடி உள்ளே உட்காரவைத்தார். இரண்டாவது முறையும் அதே கோடுதான் வந்தது. இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் வெளியே வந்தான். அன்றைக்கு இருக்கிற காதுகளுக்கெல்லாம் விடுமுறை என்று இருவரும் ஸ்டுடியோவைத் திறக்கவில்லை.